ஆளுக்கு ஒரு வெள்ளி: வளாகத்து உதவிகள் யாருடைய சொத்து?



பல்கலைக்கழக மாணவர்களுக்கு வளாகத்திலேயே கிடைக்கும் உதவிகளைப் பற்றி அண்மையில் எங்கள் தொலைக்காட்சி அரங்கில் பேசினோம். நிகழ்ச்சி முடிய 4 நிமிடங்களே இருந்தபோது ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகன் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவன். இரண்டாம் செமஸ்டர் தொடங்கி மூன்றாவது வாரம், துணிப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டான். கல்விக் கடன் பணம் இன்னும் வரவில்லை. விடுதிக் கட்டணம் பாக்கி. கையில் சாப்பாட்டுக்குக் காசில்லை. இதை அவன் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

"ஆபீஸ்ல போய்க் கேட்டிருக்கலாமேப்பான்னு சொன்னேன்மா. என்னைப் பிச்சை எடுக்கச் சொல்றியாம்மான்னு திருப்பிக் கேட்டுட்டான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்றார் அந்த அம்மா.

அரங்கில் இருந்த விருந்தினர்கள் எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னார்கள். நேரம் முடிந்தது. நானும் வணக்கம் சொல்லி விடைபெற்றேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நாங்கள் யாருமே பதில் சொல்லவில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டது பாரத்தைப் பற்றி அல்ல. உதவி கேட்பது பிச்சையா என்று கேட்டான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த காலத்தில் பேராக் தோட்டப்புறத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி என் அறையில் தங்கியிருந்தாள். 3 மாத விடுதி வாடகை பாக்கி என்பதற்காகப் படிப்பை விட்டுவிட்டுப் போனாள். ஓராண்டு கழித்துத்தான் எங்கள் கல்லூரியில் மாணவர் நலநிதி ஒன்று இருந்ததை நான் அறிந்தேன். அந்த அறிவிப்பைக் கணக்குப் பிரிவுக்கு எதிரில் ஒட்டியிருந்தார்கள். கட்டணம் பாக்கி வைத்திருக்கும் மாணவன் எந்தப் பக்கம் தலைகாட்ட அஞ்சுவானோ, சரியாக அந்தச் சுவரில்! என் தோழி அந்த வழியே நடந்ததே இல்லை.

அந்தத் தாயாருக்கும் அவருடைய மகனுக்கும் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்ல விரும்புகிறேன். அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். வளாகத்தில் இன்று இருக்கும் நூலகம், விடுதி, நலநிதி, ஆலோசனைப் பிரிவு ஆகியவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. யார் யாரோ கேட்டு, யார் யாரோ கொடுத்து வந்தவை. கொடுத்தவர்களில் நம்முடைய தாத்தா பாட்டிமார்களும் இருந்தார்கள் என்பதுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத சங்கதி.

ரப்பர் பணத்தில் ஒரு நூலகம்

மலாயாவின் உயர்கல்வி வரலாறு ஒரு மனுவில்தான் தொடங்குகிறது. 1904ஆம் ஆண்டு தான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் சிங்கப்பூர்ச் சமூகத் தலைவர்கள் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று பிரிட்டிஷ் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். தேவையான தொகையைப் பொதுமக்களே திரட்ட வேண்டும் என்பது அரசாங்கத்தின் பதில். 71,000 வெள்ளி கேட்டார்கள். சமூகம் 87,077 வெள்ளியைத் திரட்டிக் கொடுத்தது. அதில் தான் ஜியாக் கிம் மட்டும் கொடுத்தது 12,000 வெள்ளி.

1905 ஜூலையில் 23 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. கட்டடம் எது தெரியுமா? பெண்களுக்கான பழைய மனநல மருத்துவமனை. 1910இல் முதல் அணியாகத் தேறி வெளிவந்தவர்கள் 7 பேர். அவர்கள் படித்த காலத்தில் பள்ளிக்கென்று தனி நூலகக் கட்டடம் கிடையாது.

அந்தக் குறையைப் போக்கியவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான். 1911இல் தம் தந்தை தான் டெக் குவான் நினைவாக அவர் கொடுத்த 15,000 வெள்ளியில் ஒரு கட்டடம் எழுந்தது. நூலகமும் வாசிப்பறையும் விரிவுரைக் கூடமும் அதில் இடம்பெற்றன. மலாயாவில் மாணவர்களுக்கென்று கிடைத்த முதல் வளாக வசதிகளில் இதுவும் ஒன்று.

இந்தத் தான் சே யான் யார் என்று பார்த்தால் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. 1896இல் மலாக்காவில் ரப்பரை வணிகப் பயிராக நட்ட முதல் தோட்டக்காரர் அவர்தான். அவர் தொடங்கி வைத்த அந்தப் பயிரை நாடெங்கும் வளர்க்கத்தான் அடுத்த 40 ஆண்டுகளில் தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். காட்டை அழித்ததும் மரத்தைச் சீவியதும் பாலை வாளியில் தூக்கிச் சுமந்ததும் அவர்கள்தான். அப்படி வளர்ந்த ரப்பர்ச் செல்வம் பல கல்விக் கூடங்களின் சுவர்களாக மாறியது. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் நம்மவர்களின் பிள்ளைகள் நுழைவதற்கு இன்னும் நீண்ட காலம் பிடித்தது.

கோ. சாரங்கபாணி கேட்ட ஒரு வெள்ளி

1928இல் ராஃபிள்ஸ் கல்லூரி மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 1947இல் சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் ஓர் ஆணையம் வந்து நிலைமையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை ஒன்று அமையும் என்ற பேச்சு 1950களின் நடுவில் எழுந்தது. அங்கே எந்த மொழிக்கு முதலிடம், தமிழுக்கா சமஸ்கிருதத்துக்கா என்ற விவாதம் சூடு பிடித்தது. அப்போது களத்தில் இறங்கியவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து இளம் வயதில் சிங்கப்பூருக்கு வந்தவர். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கியவர். 1952இல் தமிழர் திருநாளை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் விழாவாக்கியவர்.

இந்த நாட்டில் வாழும் இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர், ஆகவே தமிழுக்கே முதலிடம் என்று அவர் வாதாடினார். வாதாடியதோடு நிற்கவில்லை. மொழி வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள் அந்த மொழியைப் படிக்கப் போகும் மாணவர்களுக்கு நூல்களையும் கொடுக்க வேண்டாமா என்று நினைத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று பத்திரிகை வாயிலாகக் கேட்டார்.

ஒரு வெள்ளிதானே என்று இன்று நமக்குத் தோன்றும். இன்று ஒரு வெள்ளிக்கு ஒரு கிளாஸ் தேநீர்கூடக் கிடைப்பது அரிது. ஆனால் அன்று நாட்கூலிக்கு மரம் சீவிய ஒருவருக்கு ஒரு வெள்ளி என்பது அடுப்பங்கரைக் கணக்கு. அதை எடுத்துக் கொடுத்தால் வீட்டில் ஏதோ ஒன்று குறையும். அப்படிக் குறைத்துக்கொண்டுதான் சாதாரணத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன்பு, 1954இல், நன்யாங் பல்கலைக்கழகம் அமைவதற்காகச் சிங்கப்பூரின் திரிஷா ஓட்டுநர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்ததைச் சீன சமூகம் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. நம்மிடமும் அதற்கு ஈடான ஒரு கதை இருக்கிறது. நாம்தான் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. தமிழுக்கு உரிய இடம் கிடைத்தது. மக்கள் கொடுத்த பணம் துறையின் தமிழ் நூல்களுக்காகப் போனது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் பல்கலைக்கழக வாசலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அந்த நூல்களில் ஒன்றைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். தங்களுக்குப் பயன்படாது என்று தெரிந்தே கொடுத்தார்கள். யாருக்காகக் கொடுத்தார்கள்? பெயர் தெரியாத, இன்னும் பிறக்காத ஒரு மாணவனுக்காக.

பந்தாய் பள்ளத்தாக்கில்

1959இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு பிரிவுகளானது. கோலாலம்பூரில் பந்தாய் பள்ளத்தாக்கு வளாகம் எழுந்தது. அதே ஆண்டில் முதலாவது தங்கும் விடுதியும் திறக்கப்பட்டது. 1962 ஜனவரி முதல் நாள் இரண்டு பிரிவுகளும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தது.

விடுதி என்பதை நாம் வெறும் கட்டிலும் அலமாரியும் என்று நினைக்கிறோம். வெளியூர் மாணவனுக்கு அது அப்படியல்ல. கெடாவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வந்த ஏழைப் பிள்ளைக்குக் கோலாலம்பூரில் அறை வாடகை கட்ட முடியாது. விடுதி இல்லையென்றால் அவனுக்குக் கிடைத்த இடம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். வளாக உதவிகளில் முதன்மையானது எது என்று என்னைக் கேட்டால் விடுதி என்றே சொல்வேன்.

1961இல் தனிநாயகம் அடிகளார் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்க வந்தார். யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்த இந்தத் தமிழறிஞர் 1969 வரை இங்கே பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் ஆய்வின் உலக மேடை சென்னைக்கு முன்பே நம் ஊரில் அமைந்தது என்றால், ஒரு வெள்ளி கொடுத்தவர்களுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. துறையில்லாமல் மாநாடு இல்லை. நூலில்லாமல் துறை இல்லை.

உதவிக் கதவும் கண்டிப்புக் கதவும்

1969இல் பினாங்கிலும் 1970இல் கோலாலம்பூரிலும் 1971இல் செர்டாங்கிலும் அடுத்தடுத்துப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரக்கூடிய பிள்ளைகள், கிராமத்தையும் தோட்டத்தையும் விட்டு முதன்முறையாகப் பட்டணத்துக்கு வந்த பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் வளாகங்களுக்குள் வந்தார்கள். அவர்களுக்குப் பாடம் மட்டும் போதவில்லை. கடனுதவி, மருந்தகம், ஆலோசனை, வழிகாட்டல் என்று எல்லாமே தேவைப்பட்டன.

அதுவரை மாணவர் நலனில் பெரும்பகுதியை மாணவர் சங்கங்களே பார்த்துக்கொண்டன. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தன் பணத்தைத் தானே கையாண்டது. சொந்தமாகப் பத்திரிகை நடத்தியது. 1971இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. 1974 டிசம்பரில் பாலிங் வட்டார ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமையை முன்வைத்து மாணவர்கள் பெரும் ஆர்ப்பாட்டத்தில் இறங்கினார்கள். பலர் கைதானார்கள். அடுத்த ஆண்டே, 1975இல், சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. மாணவர் சங்கங்களின் கையிலிருந்த பல பொறுப்புகள் நிர்வாகத்தின் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போயின. மாணவர்கள் 'எச்.இ.பி.' என்று சுருக்கமாகச் சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது என்று நான் நினைக்கிறேன். உதவி வழங்கும் அதே பிரிவுக்குக் கட்டொழுங்கைக் கண்காணிக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. ஒரே கூரையின் கீழ் ஒரு கதவில் நலநிதி, பக்கத்துக் கதவில் விசாரணை. மாணவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு கதவுகளிலிருந்தும் விலகி நடக்கப் பழகிவிட்டார்கள். "எச்.இ.பி. கூப்பிட்டால் ஏதோ வம்பு" என்ற பேச்சு அண்ணன் தம்பிக்குச் சொல்லி, தம்பி அவன் தம்பிக்குச் சொல்லி, இன்று வரை வளாகங்களில் உலவுகிறது.

2012இலும் 2018இலும் செய்யப்பட்ட திருத்தங்கள் மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டுக்கு இருந்த தடைகளைத் தளர்த்திவிட்டன. சட்டம் தளர்ந்தது. ஆனால் மனத்தில் ஊறிய அச்சம் தளரவில்லை. எங்கள் அரங்குக்குத் தொலைபேசியில் வந்த தாயாரின் மகனும் அந்த அச்சத்தின் வாரிசுதான் என்றால் அது மிகையாகாது.

வாசலுக்கு வெளியே இருந்து வந்த கைகள்

அரசாங்கம் ஒரு பக்கம் செய்துகொண்டிருக்க, நம் சமுதாயமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார். நிலத்தைக் காப்பதற்காகத் தொடங்கிய சங்கம் பின்னர் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கியது. மீண்டும் அதே கதைதான். சிறுதொகை, பல கைகள், யாரோ ஒருவருடைய படிப்பு.

1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் தோன்றியது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா அதைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களே வார இறுதியில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். உதவி பெற்றவன் அடுத்தவனுக்கு உதவுகிறான் என்ற சங்கிலியை இது கண்முன் காட்டியது. இந்த நிலையத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போய், பிறகு அங்கிருந்தே மீண்டும் வந்து பாடம் நடத்தியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

1984இல் ம.இ.கா.வின் முயற்சியால் எம்.ஐ.இ.டி. அமைந்து கல்விக் கடன் வழங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களில் தொடங்கிய சிறுகதைப் போட்டியும் அதன் தொகுப்பாக வந்த பேரவைக் கதைகளும் எத்தனையோ புதிய எழுத்தாளர்களை அறிமுகப்படுத்தின. புதிதாக வரும் மாணவனுக்குத் தமிழில் பேச ஆள், மனம்விட்டுச் சிரிக்க ஓர் இடம், தேர்வுக்கு முந்தைய இரவில் குறிப்பு கடன் கொடுக்க ஓர் அக்கா. இவையும் வளாக உதவிகள்தாம். இவற்றுக்குப் பாரம் கிடையாது.

1997இல் பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன் உபகாரச் சம்பளமோ கடனுதவியோ கிடைக்காத ஏழைப் பிள்ளைக்கு அடகுக் கடையும் சொந்தக்காரர்களும்தான் கதி. தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் நம் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். இந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது உண்மை. முதல் தரச் சிறப்புத் தேர்ச்சி பெறுவோர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குப் பெறலாம் என்பதும் உண்மை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாம் திருப்பிக் கட்டும் பணம்தான் அடுத்து வரும் பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. சாரங்கபாணி கேட்ட வெள்ளியின் இன்னொரு வடிவம் இது.

மனத்துக்கும் வயிற்றுக்கும்

மிகவும் பிந்தித்தான் இரண்டு தேவைகளை நம் வளாகங்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கின. ஒன்று மனம். மற்றொன்று வயிறு.

1998இல் ஆலோசகர் சட்டம் வந்தது. அதன்படி முறையாகப் பதிவு பெற்றவர்தான் உளவியல் ஆலோசகராகத் தொழில் செய்ய முடியும். மாணவர் சொன்னதை வெளியில் சொல்லாமல் காப்பது அவர்களுடைய தொழில் ஒழுக்கம். "கவுன்சலிங் போனால் பைத்தியம் என்பார்கள்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறோம். காய்ச்சலுக்கு மருந்தகம் போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. தூக்கம் வராமல், பாடத்தில் மனம் ஒட்டாமல் தவிக்கும் பிள்ளை ஆலோசகரிடம் போவதில் மட்டும் என்ன வெட்கம்? 2008இல் வந்த உடற்குறையுடையோர் சட்டம், சக்கர நாற்காலியில் வரும் மாணவனுக்கும் பார்வையற்ற மாணவிக்கும் கல்வி வசதி என்பது இரக்கமல்ல, உரிமை என்று எழுதி வைத்தது.

வயிற்றுக்கு வருவோம். 2019இல் அரசாங்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கான உணவு வங்கித் திட்டத்தைத் தொடங்கியது. பட்டம் படிக்கும் பிள்ளை பசியோடு இருக்கிறான் என்று நாடு ஒப்புக்கொண்ட தருணம் அது. அடுத்த ஆண்டே கோவிட் வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் விடுதிகளிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அறை வாசலுக்கே சாப்பாடு போனது. ஏப்ரல் இறுதியில் பேருந்துகளில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரங்களில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிய எந்த மாணவனும் தன்னைப் பிச்சைக்காரன் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் வந்த கஷ்டம் என்பதால் வெட்கம் வரவில்லை. தனக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்கும்போதுதான் வெட்கம் வருகிறது. ஆனால் அந்தக் கஷ்டம் எந்தக் காலத்திலும் ஒருவனுக்கு மட்டும் வந்ததில்லை. அப்படியிருந்தால் இத்தனை நிதிகளுக்கும் தேவையே எழுந்திருக்காது.

அந்தப் பையனுக்குச் சொல்ல நினைத்தது

தம்பி, நீ பிச்சை கேட்கவில்லை. உன் பாட்டன் கொடுத்து வைத்ததைக் கேட்கிறாய். அவர் கொடுத்த ஒரு வெள்ளிக்கு இரசீது உன் வீட்டில் இல்லாமல் போயிருக்கலாம். அவர் கொடுக்காமலே போயிருக்கவும் கூடும். ஆனால் அவரைப் போன்ற ஒருவர் உன்னைப் போன்ற ஒருவனுக்காகக் கொடுத்தார். எடுத்துக்கொள்ளாமல் படிப்பை விட்டு வந்தால் அவருடைய ஒரு வெள்ளி வீணாகிறது.

இனி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்கள் கவனத்துக்குச் சில செய்திகள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கல்வி ஆலோசகரை, அதாவது பெனாசிஹாட் அகாடமிக்கை, பல்கலைக்கழகம் நியமிக்கிறது. அவருடைய பெயரும் அறை எண்ணும் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா என்று இன்றே கேளுங்கள். விடுதியில் ஃபெலோ என்று ஒருவர் குடியிருப்பார். நள்ளிரவில் ஒரு பிரச்சினை என்றால் முதலில் தட்ட வேண்டிய கதவு அவருடையது. கடன் பணம் தாமதமானால் விடுதிக் கட்டணத்துக்குத் தவணை கேட்கலாம். நலநிதியில் அவசர உதவி கேட்கலாம். தகுதியுள்ள புதிய மாணவர்களுக்குப் பி.டி.பி.டி.என்.னில் முன்பண வசதியும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நிலைமை மிகவும் மோசமானால் படிப்பை விட வேண்டியதில்லை. ஒரு செமஸ்டருக்கு ஒத்திவைக்கலாம். 'தாங்கோ பெங்காஜியான்' என்று விண்ணப்பிக்க வேண்டும். முறைப்படி எழுதிக் கொடுத்து ஒத்திவைத்தால் இடம் காத்திருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த இடம் கைநழுவிப் போய்விடும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு பாரமும் ஒரு கையெழுத்தும்தான்.

பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். நலநிதி அறிவிப்பைக் கணக்குப் பிரிவின் சுவரில் ஒட்டாதீர்கள். உணவுக் கூடத்தில் ஒட்டுங்கள். விடுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். தேர்வு நடக்கும் வாரத்தில் விரிவுரையாளர்களே வகுப்பில் வாய்விட்டுச் சொல்லட்டும். உதவிப் பிரிவையும் கட்டொழுங்குப் பிரிவையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு தளங்களிலாவது வையுங்கள். உதவி இருப்பது மட்டும் போதாது. அஞ்சாமல் அங்கே போக முடிய வேண்டும்.

ஏற்கெனவே பட்டம் பெற்று வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீங்கள் படித்த வளாகத்தின் நலநிதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது அனுப்புங்கள். தொகை முக்கியமல்ல. ஆளுக்கு ஒரு வெள்ளியில் தொடங்கியதுதான் நம் வரலாறு.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அந்தத் தாயாரை நான் அழைத்தேன். மகன் பக்கத்து ஊரில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார். ஒத்திவைப்பு விண்ணப்பத்துக்கான காலக்கெடு முடிந்துவிட்டதா என்று முதலில் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள் அம்மா என்றேன். யாரைக் கேட்பது என்றார். கல்வி ஆலோசகர் யார் என்று மகனிடம் கேட்கச் சொன்னேன். தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அவர் உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பையனின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. ஒரு பெயரைச் சொன்னான்.

அவனுக்குப் பெயர் தெரிந்திருந்தது. இனி அவன் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.